காற்றாடிமலையும் தேவசகாயமும்

தமிழகத்துக்கு வெளியே வந்து பயிலும் நம்மவர் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே ஒரு சிக்கலைச் சந்தித்திருப்போம். விண்ணப்பத் தாளில் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம் இருக்கும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து எழுதிப் பழகிய நாம், அங்கே எதை எழுதுவதென்று திகைத்து நிற்போம். தந்தை பெயரையே எழுதிவிட்டு வந்தால், "இஃது எந்தச் சாதியின் பெயர்?" என்று அடுத்த கேள்வி பிறக்கும்.

இதனை நான் முதலில் கூறுவதற்குக் காரணம் உண்டு. விடுதியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர் வரலாறு பயில்பவர், வடபுலத்தவர். ஒரு நாள் அவர் இரண்டு தாள்களை என்முன் நீட்டினார். இரண்டும் ஒரு கத்தோலிக்கப் புனிதரைப் பற்றியவை. 2012-ஆம் ஆண்டில் அச்சான தாளில் 'தேவசகாயம் பிள்ளை' என்றிருந்தது. 2022-ஆம் ஆண்டில் அச்சான தாளில் 'தேவசகாயம்' என்று மட்டும் இருந்தது. "இவர்கள் இருவரா, ஒருவரா?" என்று கேட்டார். "ஒருவர்தாம்" என்றேன். "அப்படியானால் பத்தாண்டுக்குள் பெயரின் பின்பாதி எங்கே போயிற்று?" என்றார். அன்று ஏதோ சுருக்கமாக விடை கூறினேன். அவ்விடை அவருக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை.

ஆகவே சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது காற்றாடிமலைக்குப் போய் வந்தேன். நேரில் கண்டதையும், பெரியோர் வாயிலாகக் கேட்டதையும், நூல்களில் படித்ததையும் தொகுத்து நம் மன்றத்து நண்பர்கள் முன் வைக்கின்றேன். பக்தி நூல் எழுதுவது என் நோக்கமன்று. ஒரு திருத்தலத்தை வரலாற்று மாணவனாக எவ்வாறு படிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மலையும் கணவாயும்

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே குமரிக் கடலை நெருங்குமுன் ஓரிடத்தில் இடைவெளி விட்டு நிற்கின்றது. அதுவே ஆரல்வாய்மொழிக் கணவாய். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையும் இருப்புப் பாதையும் இக்கணவாய் வழியாகவே செல்கின்றன. மேற்கே நாஞ்சில் நாட்டின் வயலும் குளமும் தென்னையும். கிழக்கே உடைமரம் நிறைந்த வறண்ட பூமி. ஒரு சில கல் தொலைவுக்குள் நிலத்தின் நிறமே மாறிவிடும். மலைகளில் மோதித் தடைபடும் தென்மேற்குப் பருவக்காற்று, இந்த இடுக்கில் வழி கண்டு சீறிப் பாய்கின்றது. அண்மையிலுள்ள முப்பந்தலைச் சுற்றிலும் இன்று காற்றாலைகள் காடு போல் நிற்பதற்கு இதுவே காரணம்.

காற்றாலைகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் இங்குள்ள ஒரு சிறு பாறைக்குன்றுக்குக் காற்றாடிமலை என்று பெயரிட்டனர். ஊர்ப் பேச்சில் அது 'காத்தாடிமலை'. அடிவாரத்தில் வியாகுல மாதா ஆலயம் உள்ளது. தேவசகாயம் மவுண்ட் என்பதே இன்று அவ்விடத்தின் பெயர்.

குன்று பெரிதன்று, முதியோரும் நின்று நின்று ஏறிவிடுகின்றனர். பெரிய தேவாலயத்தின் ஆடம்பரத்தை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். அங்கே முதன்மையானவை பாறைகளே. தேவசகாயம் முழந்தாளிட்டுச் செபித்தார் என்று காட்டப்படும் பாறையில் கால்மூட்டும் கைமூட்டும் பதிந்த தடங்கள் என்று சில குழிவுகளைக் காட்டுகின்றனர். வருவோர் அங்கே மெழுகுதிரி ஏற்றுகின்றனர். சற்று அப்பால் 'மணியடிச்சான் பாறை' இருக்கின்றது. அவர் உயிர் பிரிந்த வேளையில் அப்பாறை உருண்டு விழுந்து மணியோசை எழுப்பியது என்பது வழிவழி வந்த செய்தி. சிறு கல்லால் தட்டினால் இன்றும் கணீரென்று ஒலிக்கின்றது. நானும் தட்டிக் கேட்டேன். சில புள்ளிகளில் மட்டும் தாங்கப்பட்டு நிற்கும் கெட்டிப் பாறை மணி போல் ஒலிப்பது இயற்கையே என்பது பௌதிகம் பயில்வோர் அறிந்தது. ஆயினும் அந்த ஓசையை மக்கள் யாருடைய சாவு மணியாகக் கேட்டனர் என்பது பௌதிகம் விடை கூறும் கேள்வியன்று.

ஒன்றை மட்டும் இங்கே மனத்தில் இருத்துக. இக்கணவாய் அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் கிழக்கு எல்லை. 1809-ஆம் ஆண்டில் வேலுத்தம்பி தளவாயின் படையை வெல்ல வந்த ஆங்கிலேயர் முதலில் தாக்கியது ஆரல்வாய்மொழிக் கோட்டையைத்தான். கணவாயைக் கடந்தால் அரசனின் ஆணை செல்லாது. இந்த எல்லைக்கோடு இவ்வரலாற்றில் இருமுறை குறுக்கிடும்.

நீலகண்டன்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 23-ஆம் நாள் பிறந்தவர் நீலகண்டன். தந்தை வாசுதேவன் நம்பூதிரி, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பூசைப் பணி செய்தவர். தாய் தேவகியம்மா நாயர் குடியினர். மருமக்கள் வழி முறைப்படி மகன் தாய் வீட்டில் தாய்மாமன்மாரின் பொறுப்பில் வளர்ந்தார். மொழியும் படைக்கலப் பயிற்சியும் கற்றுப் பத்மநாபபுரம் அரண்மனைப் பணியில் அமர்ந்தார். அங்குள்ள நீலகண்ட சுவாமி கோயில் நிருவாகத்திலும் அவருக்குப் பொறுப்பு இருந்தது. மேக்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த பார்கவியம்மாளை மணந்தார்.

அப்போது ஆண்டவர் மார்த்தாண்டவர்மர். 1729-இல் பட்டத்துக்கு வந்த அவர், அரச குடும்பத்தை ஆட்டிப் படைத்த எட்டு வீட்டில் பிள்ளைமார் என்னும் பிரபுக்களை ஒடுக்கி, சிற்றரசுகளை ஒன்றன்பின் ஒன்றாக வென்று, சிறியதொரு நாட்டைப் பேரரசாக்கிக் கொண்டிருந்தார். 1741-இல் குளச்சல் போரில் டச்சுக் கம்பெனியின் படையை முறியடித்தார். அப்போரில் சிறைப்பட்டவருள் ஒருவர் டிலனாய். அவருடைய திறமையைக் கண்ட அரசர் அவரைக் கொல்லாமல் தம் படைக்குப் பயிற்சி தரும் பணியில் அமர்த்தினார். பின்னர் அவர் படைத்தலைவராகவும் உயர்ந்தார். உதயகிரிக் கோட்டைப் பணியில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1777-இல் இறந்த அவருடைய கல்லறை அக்கோட்டைக்குள் இருக்கின்றது. அதில் இலத்தீனோடு தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டிருப்பதைச் செல்வோர் இன்றும் காணலாம்.

டிலனாய் கத்தோலிக்கர். அவருக்கும் நீலகண்டனுக்கும் நட்பு ஏற்பட்டது. பயிர் பொய்த்து, கால்நடை மடிந்து, வீட்டில் இழப்பு மேல் இழப்பாக வந்த நாளில் நீலகண்டன் தம் துயரை நண்பரிடம் கூற, அவர் விவிலியத்திலுள்ள யோபுவின் கதையைச் சொன்னார் என்பர். எல்லாம் இழந்தும் இறைவனைப் பழிக்காத ஒருவனின் கதை அது. ஒரு மனிதனின் சமயம் மாறியது அரண்மனை விருந்திலோ வாதமன்றத்திலோ அன்று. இழப்பில் ஒருவர் மற்றொருவருக்குச் சொன்ன ஒரு கதையில் என்பதே இம்மரபின் உட்பொருள்.

ஒரு சொல் பெயர்

1745-ஆம் ஆண்டில் நீலகண்டன் கணவாயைக் கடந்து கிழக்கே வடக்கன்குளத்துக்குச் சென்றார். திருநெல்வேலிச் சீமையிலுள்ள அவ்வூர் திருவிதாங்கூர் அரசின் ஆணைக்கு வெளியே இருந்தது. எல்லைக்கோடு முதன்முறை குறுக்கிடும் இடம் இது. அரண்மனைப் பணியாளர் ஒருவருக்குத் திருவிதாங்கூர் மண்ணில் திருமுழுக்கு அளிப்பது இருவருக்கும் இடர் தருவது. வடக்கன்குளத்தில் இருந்த சேசு சபைக் குரு பூத்தாரி, தமிழ் மக்கள் வாயில் பரஞ்சோதிநாதர், அவருக்குத் திருமுழுக்கு அளித்து லாசர் என்று பெயரிட்டார். இறைவன் துணை செய்தான் என்பது அப்பெயரின் பொருள். அதன் தமிழாக்கமே தேவசகாயம். பின்னர் அவருடைய மனைவியும் திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு இடப்பட்ட பெயர் தெரேசா, தமிழில் ஞானப்பூ.

இங்கே மொழி பயில்வோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அக்காலத்துச் சேசு சபையினர் திருமுழுக்குப் பெயர்களை ஒலி பெயர்ப்பதோடு நில்லாமல் பொருள் பெயர்த்தும் வழங்கினர். ஓரியூரில் 1693-இல் தலை வெட்டுண்டு இறந்த போர்த்துகீசியக் குரு ஜான் டி பிரிட்டோ தமிழில் அருளானந்தர் ஆனதும் இவ்வாறே. இதனால் புதிய சமயத்தில் சேர்ந்தவர் அயலார் பெயர் பூண்ட அயலாராகத் தோன்றாமல் தமிழ்ப் பேச்சுக்குள்ளேயே நின்றனர்.

தேவசகாயம் என்னும் இப்பெயர் ஒரே சொல். பின்னொட்டு இல்லை. இதனையும் நினைவில் வைத்துக்கொள்க.

மூன்றாண்டுச் சிறை

திருமுழுக்குக்குப் பின் தேவசகாயம் கோயில் பணிகளிலிருந்து விலகினார். தம் புதிய நம்பிக்கையைப் பிறரிடமும் பேசினார். அதனினும் பெரிய குற்றமாகச் சிலர் கண்டது, அவர் எல்லாச் சாதியாரோடும் வேறுபாடின்றிப் பழகியது. மனிதர் யாவரும் சமம் என்பதை அவர் வற்புறுத்தினார் என்றும், அதுவே மேற்குலத்தார் சினத்தை மூட்டியது என்றும் உரோமையின் அறிவிப்பே குறிப்பிடுகின்றது. ஒருவன் எதிரே வந்தால் எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்பதைப் பிறப்பே தீர்மானித்த அந்த நாட்டில், இஃது எத்துணைப் பெரிய மீறல் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1749-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள் அவர் சிறைப்பட்டார். அரச இரகசியங்களை அயலாருக்கு வெளியிட்டார் என்பது முதலாய இராசத் துரோகக் குற்றங்கள் சாட்டப்பட்டன. அதன்பின் ஏறத்தாழ மூன்றாண்டு அவர் பட்ட வதைகளைக் குமரி மாவட்டத்து ஊர்கள் இன்றும் இடம் இடமாகச் சொல்லிக் காட்டுகின்றன. எருக்க மாலை சூட்டி, எருமை மீது பின்புறம் நோக்கி உட்காரவைத்து, தெருத் தெருவாக ஊர்வலம் விட்டனர். பிரம்படி பட்ட புண்ணில் மிளகுத் தூளைத் தடவி வெயிலில் நிறுத்தினர். எருமை, எருக்கு, மிளகு ஆகிய மூன்றும் வலிக்காக மட்டும் தேர்ந்தவை அல்ல. உயர்குலத்தான் ஒருவனை ஊரார் முன் இழிவுபடுத்தும் அடையாளங்கள் அவை. பிறப்பால் வந்த பெருமையை அவராகவே துறந்தார். அரசோ அதனை அவரிடமிருந்து பறித்துக் காட்ட முயன்றது. தாமே துறந்த ஒன்றைப் பிறர் பறிக்கவும் இயலுமா?

புலியூர்க்குறிச்சியில் நீர்வேட்கை தாளாமல் அவர் முழங்கையால் பாறையில் இடிக்க, நீர் சுரந்தது என்று ஒரு மரபு. அவ்விடத்துக்கு முட்டிடிச்சான் பாறை என்று பெயர். பெருவிளையில் அவரைக் கட்டி வைத்த வேப்பமரத்தின் இலை நோய் தீர்த்தது என்று மற்றொரு மரபு. இவ்வூர்கள் எல்லாம் இன்று யாத்திரைத் தலங்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் தொடங்கி, புலியூர்க்குறிச்சி, பெருவிளை, காற்றாடிமலை என்று செல்லும் யாத்திரிகர், ஒரு கைதி நடத்திச் செல்லப்பட்ட பாதையைப் பின்பற்றிச் செல்கின்றனர்.

முடிவில் அவரை நாடு கடத்துவதெனத் தீர்மானித்து ஆரல்வாய்மொழி எல்லைக்குக் கொண்டுசென்றனர் என்பர். எல்லைக்கோடு இரண்டாம் முறை குறுக்கிடும் இடம் இது. முன்பு அவர் தாமே விரும்பிக் கடந்த எல்லையருகில் இப்போது அவரைக் கொண்டுபோய் விட்டனர். அங்கும் மக்கள் அவரைத் தேடி வந்தனர். 1752-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14-ஆம் நாள் படைவீரர் அவரைக் காற்றாடிமலை மேல் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றனர். உடலைக் காட்டில் எறிந்தனர். அன்பர் சிலர் எஞ்சியவற்றைத் திரட்டிக் கோட்டாற்றுச் சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தனர். அக்கல்லறை இன்றும் அங்கே உள்ளது. ஞானப்பூ எல்லை கடந்து வடக்கன்குளம் சென்று தம் இறுதி நாள்வரை அங்கேயே வாழ்ந்தார். அவர் கல்லறையும் அவ்வூரிலேயே இருக்கின்றது.

வரலாறா, மரபா?

இவ்வளவையும் கேட்ட என் நண்பர் வரலாற்று மாணவருக்குரிய கேள்வியையே கேட்டார். "இதற்கெல்லாம் சான்று என்ன?" நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை காண்போம்.

வரலாற்றறிஞர் சிலர் ஐயம் எழுப்பியுள்ளனர். மதம் மாறியதற்காக ஒருவரைக் கொன்றதாகத் திருவிதாங்கூர் அரசின் ஆவணங்களில் குறிப்பில்லை என்பர். மார்த்தாண்டவர்மர் கத்தோலிக்கரான டிலனாயைப் படைத்தலைவராக வைத்துப் போற்றியவர். அவர் கிறித்தவத்தைப் பகைத்தவர் என்பது எவ்வாறு பொருந்தும் என்றும் கேட்பர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

மறுபக்கத்துச் சான்றுகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது எழுத்துச் சான்று. கொச்சி ஆயராக இருந்த சேசு சபையினர் கிளெமென்ட் ஜோசப் 1756-ஆம் ஆண்டில் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் தேவசகாயத்தின் மரணம் கூறப்பட்டுள்ளது. நிகழ்ச்சிக்கும் அறிக்கைக்கும் இடையே நான்கே ஆண்டுகள். இரண்டாவது இடச் சான்று. கோட்டாற்றில் கல்லறையும், காற்றாடிமலையில் இடைவிடாத மக்கள் வணக்கமும் உள்ளன. மூன்றாவது வாய்மொழி. தென்பகுதி ஊர்களில் அவர் கதை நாடகமாக ஆடப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக நின்றுள்ளது. இம்மூன்றும் ஒரே தரத்தன அல்ல. அறிக்கையைப் படிப்பது போல் நாடகத்தைப் படிக்கலாகாது. கல்லறையைக் காண்பது போல் மணியோசைப் பாறையைக் காணலாகாது. நீர் சுரந்த பாறை வரலாற்றுக்குச் சான்றாகாது. ஆனால் மக்கள் அவரை எவ்வாறு நினைவில் வைத்தனர் என்பதற்கு அதுவே முதற்சான்று.

டிலனாயைப் பொறுத்த அரசர் தேவசகாயத்தை ஏன் பொறுக்கவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் விளக்கம் இது. டிலனாய் அயல்நாட்டார். அவர் கத்தோலிக்கராகப் பிறந்தவர், அவ்வாறே இருந்தார். அதனால் நாட்டின் குல ஒழுங்கில் ஒரு கல்லும் பெயரவில்லை. கடற்கரையில் வாழ்ந்த கிறித்தவ மீனவரும் அவ்வொழுங்கின் ஓரத்திலேயே நின்றவர்கள். நீலகண்டனோ அதன் உள்ளே, உயரத்தில், கோயிலையும் அரண்மனையையும் சார்ந்து நின்றவர். மேலும், அவர் சிறையில் இருந்த காலத்திலேதான், 1750 ஜனவரியில், மார்த்தாண்டவர்மர் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாக்கி, தாம் பத்மநாபதாசராக ஆளத் தொடங்கினார். அரசே இறைவனுக்கு உரியதென்றான நாட்டில், பணியாளர் ஒருவர் அக்கோயில் ஒழுங்கை விட்டு விலகுவது சமயச் செயலா, இராசத் துரோகமா? அன்றைய அரசின் கண்ணுக்கு இரண்டும் வேறல்ல. ஆகவே 'மதத்துக்காகவா, துரோகத்துக்காகவா' என்று நாம் இன்று இரண்டாகப் பிரித்துக் கேட்கும் கேள்வியே அக்காலத்துக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் கூறுதல் வேண்டும். இவ்வரலாற்றை எடுத்துக்கொண்டு ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரைப் பழிப்பது தகாது. அவரைக் கொன்றது ஓர் அரசின் அச்சமும் குலத்தின் சினமும். அவை இரண்டும் எந்த ஒரு சமயத்துக்கும் தனியுரிமை அல்ல. இதற்குச் சான்று வடக்கன்குளத்திலேயே கிடைக்கின்றது, பின்னர்க் காண்போம்.

பட்டங்களின் படிகள்

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவரைப் புனிதர் என்று அறிவிப்பதற்குப் படிகள் உண்டு. முதலில் இறை ஊழியர், பின்னர் வணக்கத்துக்குரியவர், அதன்பின் முத்திப்பேறு பெற்றவர் அல்லது அருளாளர், இறுதியில் புனிதர். சமயத்துக்காக உயிர் கொடுத்தவரை முன்னாளில் வேதசாட்சி என்றனர். இரத்தசாட்சி என்பதும் உண்டு. இன்று மறைசாட்சி என்பது பெருவழக்கு. மறைசாட்சி அருளாளராவதற்கு அற்புதம் தேவையில்லை. நம்பிக்கையின் மீதுள்ள வெறுப்பால் கொல்லப்பட்டார் என்பது மெய்ப்பிக்கப்பட்டால் போதும். புனிதராவதற்கு ஓர் அற்புதம் ஏற்கப்பட வேண்டும்.

தேவசகாயத்துக்கு 1780-லேயே உரோமையில் விண்ணப்பம் வைக்கப்பட்டது. அதனை வைத்தவர் மலையாள நாட்டுச் சிரியன் மரபுக் குருவான கரியாட்டில். அது பலிக்கவில்லை. கோட்டாறு 1930-இல் தனி மறைமாவட்டமாயிற்று. 1956-இல் குமரிப் பகுதி தமிழகத்தோடு இணைந்தது. இத்தனை காலமும் மக்கள் உரோமையின் ஆணைக்குக் காத்திராமல் மலையேறிக் கொண்டிருந்தனர். முறையான விசாரணை பிற்காலத்தில் நடந்து, 2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டார். 2013-இல், கருவில் துடிப்பிழந்துவிட்டதென்று மருத்துவர் கருதிய சிசு ஒன்று மீண்டது அற்புதமாக முன்வைக்கப்பட்டு, 2020-இல் ஏற்கப்பட்டது. 2022 மே 15-ஆம் நாள் உரோமைப் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இந்தியாவில் பிறந்து இதற்கு முன் புனிதரானோர் உண்டு. வசாயில் பிறந்து 1597-இல் சப்பானிய நாட்டு நாகசாகியில் சிலுவையில் உயிர்விட்ட கொன்சாலோ கார்சியா, கேரளத்து அல்போன்சா, சாவரா குரியாக்கோஸ் எலியாஸ் முதலானோர் அவர். ஆனால் அவர்கள் அனைவரும் குருக்கள் அல்லது துறவியர். தேவசகாயம் மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார். அலுவலகப் பணி செய்தவர். இந்தியப் பொதுநிலையினருள் முதற்புனிதர் அவரே. மலையில் நான் கண்ட யாத்திரிகர் அவரிடம் உரிமையோடு பேசுவதற்கு இதுவும் காரணமாகலாம். பக்கத்து வீட்டு மாமனிடம் முறையிடுவது போல் கடன், பிள்ளையின் படிப்பு, மகளின் திருமணம் என்று வாய்விட்டே சொல்லிக் கொண்டிருந்தனர்.

பின்னொட்டு போன கதை

இனி, நண்பரின் முதற்கேள்விக்கு வருவோம். 'பிள்ளை' எங்கே போயிற்று?

2012-இல் அருளாளராக்கப்பட்டபோது அவர் தேவசகாயம் பிள்ளை என்றே அறிவிக்கப்பட்டார். ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப் பணி அலுவலர் இருவர் 2017-இல் உரோமைக்கு எழுதி, சாதியைத் துறந்ததற்காகத் துன்புற்றவரின் பெயரில் சாதிப் பெயரை ஒட்டுவது பொருந்தாது என்று முறையிட்டனர். 2020-இல் உரோமை அப்பின்னொட்டை நீக்கியது. பிள்ளை என்பது அங்கே சாதிப் பெயரன்று, அரசர் அளித்த பதவிப் பட்டம் என்று வாதிட்டோரும் உண்டு. திருவிதாங்கூரில் அஃது ஒரு பட்டமாக வழங்கியது உண்மையே. ஆனால் பட்டம் தலைமுறை கடந்து பிறப்போடு ஒட்டிக்கொண்டால் அதற்குச் சாதியல்லாமல் வேறென்ன பெயர்? மேலும், அந்த அரசன் கொடுத்த பட்டமே ஆயினும், அந்த அரசனின் படைவீரர் கையால் மடிந்தவருக்கு அஃது எவ்வாறு அணியாகும்?

இதனை வெறும் பெயர்ச் சிக்கல் என்று நினைப்போர் வடக்கன்குளத்தை நினைத்துப் பார்க்கட்டும். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், 1872-இல் எழுந்த பெரிய தேவாலயம் இரு கால்கள் கொண்ட காற்சட்டை போன்ற அமைப்பில் கட்டப்பட்டது. பீடம் ஒன்று; மண்டபம் இரண்டு. ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார். நடுவே சுவர். ஒரே பூசையை இரு திசையிலிருந்து ஒருவரையொருவர் காணாமல் கண்டனர். 1910-இல் கொசானல் என்னும் குரு அச்சுவரை இடித்தார். தங்கள் உரிமை போயிற்றென்று ஒரு சாரார் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. எல்லாரும் சமம் என்று சொன்னவர் நீராட்டப்பட்ட ஊரிலே, அவர் இறந்து நூற்றிருபது ஆண்டுக்குப் பின், அவர் வழிபட்ட சமயத்தாரே சுவர் எழுப்பினர். ஒருவரைப் புனிதர் என்று வணங்குவது எளிது. அவர் எதற்காகத் துன்புற்றாரோ அதனை ஏற்பது அவ்வளவு எளிதன்று.

மலையிலிருந்து இறங்கும்போது இந்த எண்ணமே என்னோடு வந்தது. காற்று மேற்கிலிருந்து வீசிக் கொண்டிருந்தது. அடிவாரக் கடையொன்றில் சிறு படங்கள் விற்றனர். சில படங்களில் பழைய பெயர். சிலவற்றில் புதிய பெயர். கடைக்கார அம்மாளிடம், "எதை அதிகம் வாங்குகிறார்கள்?" என்று கேட்டேன். "பேரை யாரு தம்பி பாக்குறா? முகத்தப் பாத்து வாங்குவாக" என்றார். நான் பெயரைப் பார்த்து, பின்னொட்டு இல்லாத படம் ஒன்றை வாங்கி வந்து நண்பரிடம் கொடுத்தேன். அது இப்போது எங்கள் அறை மேசைமேல் இருக்கின்றது.

நண்பர்களே, விடுமுறையில் நாகர்கோவில் பக்கம் செல்வோர் அரை நாள் ஒதுக்கிக் கோட்டாற்றுக் கல்லறையையும், உதயகிரியில் டிலனாய் கல்லறையையும், காற்றாடிமலையையும் கண்டு வருக. எச்சமயத்தாராயினும் செல்லலாம். 1745-இல் ஒரு மனிதர் தமக்கென ஏற்றுக்கொண்ட பெயர் ஒரே சொல். இருநூற்று எழுபத்தைந்து ஆண்டு கழித்து, 2020-இல்தான் அச்சொல் மட்டும் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. இனி விண்ணப்பத் தாளில் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தின் முன் திகைத்து நிற்கும்போது, அந்தக் கட்டத்தை நிரப்ப நம்மிடம் சாதிப் பெயர் இல்லாதது ஒரு குறை என்று எண்ணாதிருப்போமாக. அவ்வெற்றிடத்தைப் பெறுவதற்கு ஒருவர் மூன்றாண்டு சிறையிருந்தார்.